அடுத்த வாரம் வாம்மா

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில், தோணித் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. ஐம்பத்திரண்டாம் வருஷம் தோணிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் தங்கள் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கட்டியது. அதனால் அதன் வாசலில் எழுதியிருந்த பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், சங்கக் கொட்டாய் என்பார்கள். புதுப் படம் ஓட்டுவதற்கு அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குத்தகைக்காரரின் முதல் காட்சி பதினொன்றரைக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் கொட்டாய் சங்கத்தின் கையில் இருக்கும். அந்த நேரத்தில் பழைய படம் போடுவார்கள்.

அந்தக் காட்சியைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் அந்தோணிசாமி. ரயில்வே ஜங்ஷனில் சரக்கு ஆபீஸ் குமாஸ்தா. அவருடைய அப்பா தோணியில் வேலை பார்த்தவர். சினிமா பற்றிப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் அவருக்குக் கிடையாது. ஆனால் படம் சரியாக எட்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டும், பெண்கள் பக்கத்தில் மின்விசிறி ஓட வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்துக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அந்தோணிசாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரமே கொட்டாயின் நாற்காலிகளை எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கு மேல் ஒரு ஆளைக்கூட உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தார். அதுவரை ஓரத்தில் நின்றுகொண்டும் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டும் பார்த்தவர்கள் சண்டை போட்டார்கள். சங்கத் தலைவர்கூட, என்ன அந்தோணிசாமி இப்படிப் பண்றீங்க என்று கேட்டார். அவர் அசையவில்லை. வாசலில் தானே நின்று கதவைச் சாத்தினார்.

டிசம்பர் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். விடுமுறை என்பதால் கூட்டம் ஏழரைக்கே சேர்ந்துவிட்டது. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எல்லா நாற்காலியும் நிரம்பிவிட்டது. படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனபோது பொன்னி வந்தாள்.

பொன்னியை அவருக்கு நன்றாகத் தெரியும். கிள்ளையில் பிறந்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த குப்பத்தில் கொளஞ்சி என்கிற மீனவனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பழைய படம் என்றால் அவளுக்கு உயிர். மூன்றாவது வரிசையில் உட்காருவாள். சிரிப்பு வரும் இடத்தில் எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிடுவாள். அவள் சிரிப்பைக் கேட்டுத்தான் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும் என்று ஆபரேட்டர் லூர்துசாமி சொல்வார். அன்றைக்குப் பச்சையில் அரக்கு பார்டர் போட்ட புடவை கட்டி, வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்க நின்றாள்.

“நிக்கிறேன் சார். ஓரமா நின்னுக்கிறேன். யாருக்கும் மறைக்க மாட்டேன்.”

“இல்லம்மா. ஒருத்தர வுட்டா அப்புறம் வரிசையா வுடணும். அடுத்த வாரம் வாம்மா. ஒனக்குன்னு ஒரு எடம் வெக்கிறேன்.”

அவள் அவருக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்தாள். உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

“அடுத்த வாரம் கண்டிப்பா வெப்பீங்களா?”

“வெக்கிறேன்.”

சரி சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவள் போவதை அவர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படகுத்துறைக்குப் பத்து நிமிட நடை. ஆற்றைக் கடக்க ஐந்து நிமிடம். குப்பத்துக்குள் போய் வீட்டைத் திறக்க இன்னும் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் அந்தோணிசாமி இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டிருப்பார் என்று சொல்ல முடியாது. எப்படிப் போட்டாலும் எட்டரைக்கு அவள் வீட்டில் இருந்தாள்.

எட்டரைக்குப் பிறகு யாரோ கொட்டாயின் கதவைப் படபடவென்று தட்டினார்கள். தாமதமாக வந்தவர் யாரோ சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் கதவைத் திறந்தார். இடுப்புக்குக் கீழே சேறாக ஒரு ஆள் நின்றான். கடல் ஊருக்குள்ள வந்துருச்சு என்றான். அவன் சொன்னது யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது உள்ளே இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். லூர்துசாமி மெஷினை நிறுத்தினார். விளக்கு போடுவதற்கு முன்பே இருட்டில் ஓட ஆரம்பித்தார்கள்.

தண்ணீர் அந்தத் தெருமுனை வரைக்கும் வந்து நின்றிருந்தது. ஆற்றில் படகுகள் கவிழ்ந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்தப் பக்கம் குப்பம் இருந்த இடத்தில் கூரைகள் இல்லை. கொட்டாயில் இருந்தவர்களில் எழுபது எண்பது பேர் அந்தக் குப்பத்துக்காரர்கள். அவர்கள் உயிரோடு இருந்தார்கள், வீட்டில் அவர்கள் விட்டுவிட்டு வந்தவர்களில் பலர் இல்லை. அன்று மத்தியானம் அந்தோணிசாமி கொட்டாயைத் திறந்து வைத்து, நாற்காலிகளை ஓரம்கட்டிப் பாய் விரித்து, வந்தவர்களையெல்லாம் படுக்க வைத்தார். அவர் மனைவி ஜெபமாலை பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினாள். குப்பத்துப் பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சினிமாவுக்கு வந்ததாலதான் உயிரோட இருக்கோம் சார், ஒங்க கொட்டாய்தான் எங்களக் காப்பாத்துச்சு என்றார்கள். அவர் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றார். வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். பொன்னி வரவில்லை.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அடையாளம் சொல்ல ஆள் இல்லாத உடல்கள் நிறைய இருந்தன. துறைமுகத்துக்காரர்கள் எல்லோரையும் தெரிந்தவர் என்பதால் அந்தோணிசாமியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழாவதோ எட்டாவதோ உடலின் அருகில் வந்தபோது பச்சைப் புடவையைப் பார்த்தார். பக்கத்தில் நோட்டோடு நின்றவரிடம், பொன்னி, புருஷன் பேர் கொளஞ்சி என்று சொன்னார். அதற்குப் பிறகு தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டார்.

கொளஞ்சி அன்று விடியற்காலையே கடலுக்குப் போயிருந்தான். ஆழக் கடலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, படகு ஒரு தடவை லேசாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான். கரைக்கு வந்தபோது கரை இல்லை. இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தவனிடம் அந்தோணிசாமிதான் போய்ச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு அவர்தான் அழைத்துக்கொண்டு போனார்.

குப்பத்துக்காரர்களுக்குத் தார் ஷீட்டில் தற்காலிகக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜனவரியில் ஒரு நாள் அந்தோணிசாமி கொளஞ்சியைப் பார்க்கப் போனார். வந்து நின்றவளை நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொல்லிவிடுவதற்காகவே போனார். வழியெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அவன் அடிக்கலாம், அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நினைத்திருந்தார். கொளஞ்சியின் அக்கா செல்லாயி ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். கொளஞ்சி தரையில் உட்கார்ந்திருந்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் பேச ஆரம்பித்தான்.

“படத்துக்குப் போறேன்னு கேட்டா சார். நான்தான் வேணாம்னேன். அதுக்கு முந்தின வாரம் நான் கரைக்கு வந்தப்ப வூடு பூட்டிக் கெடந்துச்சு, சோறு இல்ல. அந்தக் கோவம். போனின்னா காலை ஒடிப்பேன்னேன். மறுபேச்சு பேசல. சொன்னபடி வூட்டுலயே இருந்துட்டா.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “போயிருந்தா ஒங்க கொட்டாய்ல ஒக்காந்திருப்பா.”

இல்லை என்று சொல்ல அந்தோணிசாமி வாயெடுத்தார். அவள் போனாள். உன் பேச்சைக் கேட்கவில்லை, கிளம்பி வந்தாள், என் கதவு வரைக்கும் வந்தாள். இதைச் சொன்னால் அவன் தலையில் இருக்கும் சுமை இறங்கிவிடும். ஆனால் அவன் அழுதுகொண்டிருக்கும்போது, அக்கா பக்கத்தில் நிற்கும்போது, உன் பெண்டாட்டி உன்னை ஏமாற்றிவிட்டு வந்தாள் என்று எப்படி ஆரம்பிப்பது? சாப்பிட்டியா என்று கேட்டார். பிறகு எழுந்து வந்துவிட்டார்.

ஜூலை மாதம் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி மறுபடி ஆரம்பித்தது. முதல் ஞாயிறே கொளஞ்சி வந்து வாசலில் நின்றான். அதுவரை அவன் பழைய படம் பார்க்க வந்ததே இல்லை. அவ பாக்கணும்னு நெனச்சதெல்லாம் நான் பாக்குறேன் சார் என்றான். மூன்றாவது வரிசை பெண்கள் பக்கம் என்பதால் அதற்கு நேராக ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தோணிசாமி பின்னால் நின்று பார்த்தார். எல்லோரும் சிரிக்கும்போது அவன் சிரிக்கவில்லை, சிரிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் ஒரு ஞாயிறு தவறியதில்லை. சனிக்கிழமையே வந்து கொட்டாயைக் கூட்டுவான். படப் பெட்டிகளை இறக்கி மேலே ஏற்றுவான். லூர்துசாமிக்கு மாடிப்படி ஏற முட்டி வலி என்பதால் டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஜெபமாலை குளியலறையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டபோது ஆட்டோ வருவதற்குள் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடியவன் அவன்தான். அந்த நாளிலிருந்து சார் போய் மாமா வந்துவிட்டது. அவன் மாமா என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தோணிசாமிக்கு ஒரு மாதிரி இருக்கும்.

எத்தனையோ தடவை சொல்ல நினைத்தார். ஒரு தடவை படிக்கட்டில், ஒரு தடவை கடற்கரையில், ஒரு தடவை அவன் திவசம் கொடுத்துவிட்டு வந்த அன்று. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது, அல்லது குறுக்கே வரவிட்டார். ஜெபமாலையிடம் சொன்னார். அவள், சொன்னாலும் பாவம், சொல்லாட்டியும் பாவம், நான் என்னன்னு சொல்றது என்றாள். சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னார். அவர் இளவயதுக்காரர். நீங்கள் செய்தது பாவமே இல்லையே, கூட்டத்தின் நன்மைக்காகத்தானே செய்தீர்கள், கடல் வருமென்று யாருக்குத் தெரியும் என்றார். அது அந்தோணிசாமிக்கும் தெரியும். அப்படியும் அவர் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டார். அந்த வேலையை லூர்துசாமியின் தம்பியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றுகொள்வார்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் செல்லாயி அவர் வீட்டுக்கு வந்தாள். சிதம்பரத்தில் அறிவுமதி என்று ஒரு பெண், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், புருஷன் காய்ச்சலில் இறந்து நான்கு வருஷம் ஆகிறது, கொளஞ்சியைப் பார்த்திருக்கிறாள், பிடித்திருக்கிறது. கொளஞ்சிதான் மாட்டேன் என்கிறான்.

“கேட்டா இன்னா சொல்றான் தெரியுமா? ஒருத்திய வூட்டுல அடைச்சு வெச்சு சாவடிச்சவன், இன்னொருத்திய எதுக்குக் கூட்டியாரணும்ங்கிறான். நீங்க சொன்னா கேப்பான் சார். நீங்கதான் சொல்லணும்.”

அவள் போன பிறகு, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான்கு வருஷம் வாய் திறக்காமல் இருந்ததில் அவன் வயதுதான் வீணாகியிருந்தது.

சிதம்பரத்தில் கலியமூர்த்தி என்று ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் ஊர் ஊராக டூரிங் கொட்டகை போட்டவர். தொழில் நின்ற பிறகும் பழைய படப் பெட்டிகளை மேலவீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் வைத்திருந்தார். மாதம் ஒரு தடவை அந்தோணிசாமி அங்கே போய்ப் பெட்டி எடுத்து வருவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை கொளஞ்சியையும் அழைத்துக்கொண்டு போனார். கலியமூர்த்தி ஒவ்வொரு சுருளாக எடுத்து மோந்து பார்த்துக் கொடுத்தார். கெட்டுப்போகிற படச்சுருள் புளித்த வாடை அடிக்கும். இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது மணி மூன்று. கடலூர் பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. கொளஞ்சி இரண்டு டீ வாங்கி வந்தான். பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள்.

“கொளஞ்சி, ஒண்ணு சொல்றேன். முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசு.”

“சொல்லுங்க மாமா.”

“பொன்னி அன்னிக்கி வூட்டுல இல்ல. கொட்டாய்க்கு வந்தா. எட்டு பத்து இருக்கும். எடம் இல்ல, நான்தான் அடுத்த வாரம் வாம்மான்னு திருப்பி அனுப்பிட்டேன். நின்னுக்கிறேன்னு கேட்டா, நான் வுடல. நான் வுட்டிருந்தா அவ உயிரோட இருந்திருப்பா. அவ செத்ததுக்கு நீ காரணம் இல்லடா. நான்தான்.”

நான்கு வருஷமாக நினைத்து வைத்திருந்தது இவ்வளவு சின்னதாக முடிந்துவிட்டதே என்று அவருக்கு இருந்தது. கொளஞ்சி டீயைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கீழே வைத்தான். அவன் முகம் மாறும், கத்துவான், எழுந்து போவான் என்று அவர் காத்திருந்தார்.

“அக்கா வந்துச்சா மாமா வூட்டுக்கு?” என்று கேட்டான்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

“சிதம்பரத்துப் பொண்ண கட்டிக்கச் சொல்லணும்னு அக்கா வந்து அழுதிருக்கும். அதுக்காவ நீங்க இதச் சொல்றீங்க.”

“இல்லடா. அம்மா மேல சத்தியம். அவ வந்தா.”

“யாரு பாத்தாங்க?”

அன்றைக்கு வாசலில் அவரைத் தவிர யாரும் இல்லை. லூர்துசாமி மேலே கேபினில் இருந்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பச்சைப் பொடவ கட்டியிருந்தா,” என்றார். “அரக்கு பார்டர். வேகமா நடந்து வந்து மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா.”

“ஆஸ்பத்திரில அவள அடையாளம் காட்டுனதே நீங்கதான மாமா.” அவன் குரலில் கோபமே இல்லை. ஒரு குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினான். “அது அவ கல்யாணத்துக்கு எடுத்த பொடவ. நான் கோவமா கெளம்பிப் போயிட்டேன்ல. திரும்பி வர்றப்ப என் மனசு ஆறணும்னு எடுத்துக் கட்டியிருக்கா. அவ அப்பிடித்தான், சண்ட போட்டா மறுநாளு நல்ல பொடவ கட்டுவா. எனக்காவ கட்டுனது மாமா அது.”

“கொளஞ்சி, நான் சொல்றதக் கேளு...”

“அவ என் பேச்ச மீறிப் போறவ இல்ல. செத்தவ மேல பொய் சொல்லாதீங்க மாமா. ஒங்க மேல வேணும்னா சொல்லிக்குங்க.”

பஸ் வந்தது. கொளஞ்சி இரண்டு பெட்டிகளையும் ஏற்றினான். ஜன்னல் ஓரத்தில் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தான். புதுச்சத்திரம் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆலப்பாக்கம் வரும்போது அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அந்தோணிசாமி தோளை அசைக்காமல் கடலூர் வரைக்கும் வந்தார்.

அதற்குப் பிறகு அவர் சாட்சி தேட ஆரம்பித்தார். அவள் கொட்டாய்க்கு வந்ததைப் பார்த்த ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும். அன்றைக்கு ஆற்றில் படகு தள்ளியவர் சடையப்பன். அவரும் அந்த அலையில் போய்விட்டார். சடையப்பனோடு அந்த நேரத்தில் கரையில் இருந்தவர்கள் யார் என்று விசாரித்தார். இரண்டு பேர் பெயர் சொன்னார்கள். ஒருவர் உயிரோடு இல்லை, இன்னொருவருக்கு அன்றைக்குக் காலையில் நடந்த எதுவும் நினைவில் இல்லை. தெருமுனை வெற்றிலைக் கடைக்காரரைக் கேட்டார். போகிற வருகிறவர்களில் யாரை ஞாபகம் வைத்துக்கொள்வது என்றார் அவர். கடைசியில் லூர்துசாமியிடமே போய்ச் சொன்னார். பொன்னி அன்னிக்கி வந்தா, நான் திருப்பி அனுப்பினேன், நீ மேலேருந்து ஏதும் பாத்தியா என்று கேட்டார். லூர்துசாமி அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

“வுடுங்க சார். அந்தப் பையனுக்கு நல்லது பண்ணணும்னு நெனைக்கிறீங்க, புரியுது. அதுக்காவ ஒங்கள நீங்களே ஏன் இப்பிடி நோவடிச்சிக்கிறீங்க.”

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. அது அந்த ஞாயிறுதானா? வேறொரு ஞாயிறு திருப்பி அனுப்பியதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டேனா? நடுத்தெருவில் நின்று யோசித்தார். இல்லை, அந்த ஞாயிறுதான். கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டிய காகித நட்சத்திரம் அவள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அதைப் பார்த்த கண் இந்த உலகத்தில் அவருடையது மட்டும்தான்.

கொளஞ்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறிவுமதி ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கொளஞ்சி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நடந்ததைத் தன் அக்காவிடம் சொல்லியிருந்தான். செல்லாயி குப்பத்தில் நான்கு பேரிடம் சொன்னாள். ஒரு நாள் அவள் அந்தோணிசாமி வீட்டுக்கு வந்து, அவர் தடுப்பதற்குள் குனிந்து காலைத் தொட்டாள். என் தம்பி மனசு ஆறணும்னு கொலப்பழிய ஒங்க தலையில போட்டுக்கிட்டீங்களே, பெத்தவங்ககூட இப்பிடிச் செய்ய மாட்டாங்க என்றாள். அது பழி இல்லை, உண்மை என்று அவர் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஜெபமாலை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் முப்பதாம் தேதி ‘தானே’ புயல் அடித்தது. கொட்டாயின் தகரக் கூரையில் பாதிக்கு மேல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. திரை கிழிந்து தொங்கியது. நாற்காலிகளின் மேல் முருங்கை மரம் ஒன்று விழுந்து கிடந்தது. ஊரெல்லாம் மரமும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்ததில் கொட்டாயைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை. பிப்ரவரியில் சங்கம் கூடியது. கூரை போட வழி இல்லை, குத்தகைக்காரரும் கையை விரித்துவிட்டார், இடித்துவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தோணிசாமி எதிர்த்துப் பேசவில்லை. அவருக்கு அப்போது அறுபது ஆகிவிட்டது, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தார்.

அடுத்த ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தின் மாடியில் அவருக்கு ஒரு சின்னப் பாராட்டு வைத்தார்கள். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை நடத்தியதற்காக. நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். தலைவர் பேசினார், லூர்துசாமி பேசினார். கடைசியில் யாரும் கூப்பிடாமலே கொளஞ்சி எழுந்து மைக்கிடம் போனான். அதுவரை அவன் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. மைக்கை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கடலில் தன் மனைவி போனதையும், அதற்குத் தானே காரணம் என்பதையும் சொன்னான். அப்போது மாமா செய்ததை ஊருக்கே தெரியச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்ததாகச் சொன்னான். வராத ஒருத்தியை வந்ததாகச் சொல்லி, தானே திருப்பி அனுப்பியதாகச் சொல்லி, அந்தப் பழியைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டவர் என்றான்.

“நான் நம்பல. ஆனா அப்பிடி ஒரு பொய்ய எனக்காவ ஒரு மனுசன் சொன்னாருல்ல. அத நெனச்சிக்கிட்டுதான் இத்தன வருசம் கடலுக்குப் போயிட்டு வந்துக்கிட்டிருக்கேன்.”

முன்வரிசையில் சில பெண்கள் அழுதார்கள். அந்தோணிசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “அது பொய் இல்ல,” என்றார். “அவ வந்தா. நான்தான் அனுப்பினேன்.” பக்கத்தில் இருந்த தலைவர் அவர் தோளைத் தட்டி, இன்னமும் விட மாட்டேங்கிறார் பாருங்க என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அது நிற்கும் வரைக்கும் அவர் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். சால்வை போர்த்தினார்கள்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது மாடிப்படியில் புயலில் உடைந்த கைப்பிடியை இன்னும் சரிசெய்யாமல் வைத்திருந்தார்கள். கொளஞ்சி இரண்டு படி முன்னால் இறங்கி நின்று கையை நீட்டினான்.

“என்னப் புடிச்சிக்குங்க மாமா.”

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.